ஒன்றரை அங்குலக் கட்டை

மரக்கதவு மழைக்காலத்தில் இறுகும், வெயில்காலத்தில் இளகும். ஈரத்தைக் குடித்தால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. லோர்னாவின் வீட்டுக் கதவு மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. ஜூன் கடைசியிலிருந்து டைரல் ஏரிப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. புல் காலடியில் அப்பளமாய் நொறுங்கியது. கதவோ, வறட்சி ஏற ஏற இறுகிக்கொண்டே வந்தது. உரசியது மேல் விளிம்புதான். இழைப்புளியை எடுத்துச் சீவுவாள். இரண்டு நாள் ஒழுங்காகத் திறக்கும். மூன்றாம் நாள் மறுபடியும் பல்லைக் கடித்துக்கொள்ளும். ஐந்து தடவை சீவியாகிவிட்டது. இன்று ஆறாவது தடவை.

"மறுபடியும் சீவுறியா?" என்றான் கட்டிலில் மல்லாந்து கிடந்த அவள் கணவன் மெர்வின். "இப்படியே போனா பனி விழறதுக்குள்ள அது கதவா இருக்காது. ரொட்டி வெட்டுற பலகைதான்."

"உடம்புல எல்லாம் உடைஞ்சுது, வாய் மட்டும் உடையல பாரு."

"கீல் தொங்கியிருக்கும். திருகை இறுக்குனியா?"

"இறுக்கியாச்சு. மூணு தடவை."

"அப்போ நீ கோணலா சீவுற."

கோணலாகச் சீவவில்லை என்று அவளுக்குத் தெரியும். மரத்தூளை ஊதிவிட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். திறந்தது. ஆனால் நெஞ்சுக்குள் இருந்த பயம் திறந்துகொள்ளவில்லை.

அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். முழு மரங்களைப் படுக்கை வாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு அது. இந்த மாதிரி வீட்டில் முதலில் நான்கு சுவரையும் இடைவெளி இல்லாமல் எழுப்பிவிடுவார்கள். வாசல், ஜன்னலையெல்லாம் பிறகுதான் மிஷின் ரம்பத்தால் அறுத்துத் திறப்பார்கள். முன்வாசலை அறுத்தாகிவிட்டது. பின்வாசல் இன்னும் சுவராகவே இருந்தது. எங்கே அறுக்க வேண்டும் என்று மெர்வின் நீலச் சாக்குக்கட்டியால் கோடு மட்டும் போட்டிருந்தான். அதற்குள் மே மாதம் கூரைத் தகடு அடிக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை மூன்றாக உடைத்துக்கொண்டான். இப்போது உள்ளே ஆறு இரும்பு ஆணிகள். உட்காரக்கூடாது, காலை ஊன்றக்கூடாது. ஆள் நூற்றுப்பத்து கிலோ எடை. ஜன்னல்கள் பனி உயரத்துக்கு மேலே, நெஞ்சளவில், சின்னச் சின்னதாக இருந்தன. அவனை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் அந்த ஒரே கதவு வழியாக, பலகைச் சரிவில் உருட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

இது காட்டுத்தீ காலம். அவள் பயம் அவ்வளவுதான். நெருப்பு வரும், கதவு திறக்காது, உள்ளே அவன் கிடப்பான். பகலில் பத்துத் தடவையாவது எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"யாராவது வராங்களா?" என்பான் அவன்.

"இல்ல. காத்து வரட்டும்னு."

அந்த வாரம் வெளியே வீசியது காற்றல்ல, புகை. இருவருக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். லோர்னாவின் கையிலிருந்து கோப்பை நழுவியது. யாரோ சுட்டுவிட்டார்கள் என்றே நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பார்த்தால், மேற்கு ஜன்னல் கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரே கீறல். கல் இல்லை, பறவை இல்லை. தானாக விரிந்திருந்தது.

"மரம் வெடிக்கிற சத்தம்தான். காயும்போது மரம் இப்படிக் கத்தும்" என்றான் மெர்வின்.

"மரம் வெடிச்சா மரத்துல கீறல் வரணும். கண்ணாடிக்கு என்ன வந்துது?"

அவன் கூரையைப் பார்த்தான். "மலிவான கண்ணாடி" என்றான்.

பதினோரு மணிக்கு டெல்ஃபின் தன் பிக்கப் வண்டியில் வந்தாள். கனடாவின் பூர்வகுடிகளான செக்வெப்மெக் இனத்தாரின் காட்டுக் கம்பெனியில், நெருக்கத்தைக் குறைக்க மரம் கழிக்கும் குழுவுக்கு அவள் தலைவி. முகத்தில் கரி; மூன்று நாளாகத் தூங்காத கண். உள்ளே வந்ததும் ஜன்னலைப் பார்த்தாள்.

"யாரு கல் எறிஞ்சது? நான் எறியணும்னு நெனச்சேன், முந்திக்கிட்டாங்க."

"வா, தீ வைக்கிற மகராசி" என்றான் மெர்வின்.

"நான் வைக்கிற தீ வசந்த காலத்துல, முழங்கால் உயரத்துக்கு, நான் சொன்ன எடத்துல நிக்கும். இப்போ வருதே, அது யாரு பேச்சையும் கேக்கல." அவள் லோர்னாவின் பக்கம் திரும்பினாள். குரல் மாறியது. "மான்கொம்பு மேட்டுக்கு அந்தப் பக்கம் எரியுது. பதினாலு கிலோமீட்டர். உங்க பக்கத்துக்கு 'தயாரா இருங்க'ன்னு அறிவிப்பு வந்திருச்சு. அடுத்தது 'கிளம்புங்க'தான். இவன இப்பவே வண்டில ஏத்திடலாம். மெத்தையோட."

"முடியாது" என்றான் மெர்வின். "ஆஸ்பத்திரி வராந்தாவுல ஆறு வாரம் கிடந்தேன். மறுபடியும் என்னால ஆகாது. உத்தரவு வரட்டும், அப்போ பாக்கலாம்."

"கிழவா, உத்தரவு வந்த அப்புறம் உனக்கு ஒரு மணி நேரம் இருக்கும், இல்ல பத்து நிமிஷம் இருக்கும். யாருக்குத் தெரியும்?"

"உன் பட்டைதான் இருக்கே பின்னாடி. அது தாங்காதா?"

பட்டை என்று அவன் சொன்னது வீட்டுக்குப் பின்னால் சரிவில் முந்நூறு மீட்டர் அகலத்துக்கு அவள் குழு மரம் கழித்திருந்த காட்டை. அந்தக் காட்டின் கதை தெரிந்தால்தான் இந்த வீட்டின் கதை புரியும்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்கப் பைன் மரம். ஒரே வயது, ஒரே ரகம், நெருக்கி நின்ற மரங்கள். நெல் மணி அளவு வண்டு ஒன்று மரப்பட்டைக்கு அடியில் புகுந்து மலை மலையாகக் கொன்றது. மரங்கள் முதலில் சிவந்தன, பிறகு சாம்பல் நிறமாக நின்றபடியே காய்ந்தன. மெர்வின் அந்தச் சாம்பல் மரங்களை வைத்துத்தான் வீடு கட்டக் கற்றான். வேரோடு நின்று பத்து வருஷம் காய்ந்த மரம். இரும்பு மாதிரி, இனி சுருங்க ஒன்றும் மிச்சமில்லை. இருபத்திரண்டு வருஷம், முப்பத்தொரு வீடு, எல்லாமே செத்த பைன்.

பிறகு செத்த பைன்களும் அழுகி விழுந்தன. அவற்றுக்கு அடியில் ஃபிர் மரக் கன்றுகள் தலைமுடிபோல் நெருக்கமாக முளைத்தன. முன்பு டெல்ஃபினின் இனத்தார் சில வருஷத்துக்கு ஒருமுறை தரையில் சின்னத் தீ வைத்துக் கன்றுகளைக் குறைப்பார்கள். அரசாங்கம் அதைத் தடுத்து நூறு வருஷம் ஆகிவிட்டது. எனவே கன்று, அதன்மேல் இளமரம், அதன்மேல் பெரிய மரம் என்று நெருப்பு ஏறிப்போக ஏணி தயாராக நின்றது. டெல்ஃபின் குழு இரண்டு குளிர்காலமாக அந்த ஏணியின் படிகளை வெட்டியது. சுள்ளிகளைக் குவித்துப் பனியில் எரித்தது. இந்த வசந்தத்தில் தரைக்கும் தீ வைத்தது. ஆனால் வெட்டிய பச்சை மரங்களை வாங்க ஆளில்லை. பக்கத்து ஊர் மர மில் மூடியாகிவிட்டது. மரத்துக்குப் பயன் இல்லையென்றால் கழிக்கிற வேலையும் நின்றுபோகும்.

"எனக்குக் கொடு. அறுபது மரம் எடுத்துக்கறேன்" என்று சொன்னது மெர்வின்தான். இப்போது அவனைச் சுற்றி நிற்கும் சுவர்கள் அந்த மரங்கள். அவன் வாழ்க்கையில் கட்டிய முதல் பச்சை மர வீடு.

"தாங்கும்னு நெனைக்கிறேன்" என்றாள் டெல்ஃபின் கடைசியில். "நெனைக்கிறேன்னுதான் சொல்றேன். பட்டைக்குப் பக்கத்துல காட்டரோட நிலம் இருக்கே, அதுல ஒரு மரத்தக்கூட அவரு எங்கள வெட்ட விடல." அவள் போகும்போது கதவு கொஞ்சம் உரசியது. திரும்பிப் பார்த்தாள். "இது என்ன, காலைலயே தூங்கி வழியுது?"

"இப்பதான் சீவினேன்" என்றாள் லோர்னா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நேத்துதான், டெல்ஃபின்."

அதற்கடுத்த நாள் வலி மாத்திரை தீர்ந்துபோனது. ஊருக்குப் போக நாற்பது நிமிஷம். பக்கத்து வீட்டார் முந்தின நாளே கிளம்பிவிட்டதால் அனுப்ப ஆளில்லை. போகலாமா வேண்டாமா என்று லோர்னா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள்.

"போயிட்டு வா" என்றான் மெர்வின். "கதவ நல்லா மூடு. இல்லாட்டி புகை உள்ள வந்துரும்."

மூடினாள். அந்தச் சத்தத்தை அவளால் பிறகு மறக்க முடியவில்லை. வழக்கமான 'டப்' இல்லை. மரத்துக்குள் மரம் நுழைகிற ஒரு முனகல்.

திரும்பி வரும்போது பாதி வழியில் கைபேசி அலறியது. டைரல் ஏரி: உடனே வெளியேறவும். சாலையை மறித்து நின்ற காவலரிடம் அவள் கணவனைப் பற்றி ஒரு வாக்கியம்தான் சொன்னாள்; அவர் தடுப்பை நகர்த்திவிட்டு, "இருபது நிமிஷம். அதுக்கு மேல நான் உள்ள வந்து தேட மாட்டேன்" என்றார். மதியம் இரண்டரை மணி. ஆனால் வானம் பழுக்கக் காய்ச்சிய செம்புத் தட்டுபோல் இருந்தது. முன்விளக்கைப் போட வேண்டியிருந்தது. சாம்பல் கண்ணாடியில் விழுந்து ஒட்டாமல் உருண்டது. வண்டி ஓட்டிக்கொண்டே டெல்ஃபினைக் கூப்பிட்டாள்.

"பட்டைல நிக்கிறேன். பத்து நிமிஷத்துல வரேன். அவன வாசலுக்குக் கொண்டு வந்து வை" என்றாள் டெல்ஃபின். பின்னால் ஏதோ இரைந்தது. ரயில் போகிற மாதிரி. அங்கே ரயில் பாதை கிடையாது.

லோர்னா பலகைச் சரிவில் ஓடி ஏறிக் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். கதவு அதிரக்கூட இல்லை. சுவரை உதைத்ததுபோலவே இருந்தது.

"லோர்னா?" உள்ளேயிருந்து மெர்வின். "லோர்னா, வந்துட்டியா? ரொம்பப் புகையா இருக்கும்மா."

அந்த 'ம்மா'தான் அவளை உலுக்கியது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் கேலி இல்லாமல் அவளிடம் பேசியது அபூர்வம். மரியாதையாகப் பேசுகிறான் என்றால் பயந்துவிட்டான்.

கீறல் விட்ட ஜன்னலைக் கல்லால் உடைத்தாள். சட்டையைக் கழற்றி விளிம்பில் போட்டு, வயிறு உரச உள்ளே விழுந்தாள். முழங்கையில் ரத்தம். உள்ளே புகை மட்டமாக, மேசை உயரத்துக்கு மேலே ஒரு போர்வைபோல் நின்றது. உள்பக்கம் இருந்து கதவின் பிடியைப் பிடித்து இழுத்தாள். பிடி கையோடு வந்தது.

"மிஷின் ரம்பத்த எடுத்துட்டு வந்து கதவ அறு" என்றான் மெர்வின். உடனே, "வேணாம், வேணாம்" என்றான். "அதுல இரும்புப் பட்டை எட்டு போட்டிருக்கேன், குறுக்க போல்ட்டு. சங்கிலி பட்ட நிமிஷமே பல்லு போயிரும். கரடி வந்தாலும் உடைக்கக்கூடாதுன்னு நான்தான்... நான்தான் போட்டேன்."

"இரு. யோசிக்க விடு. முதல்ல உன் மூஞ்சிக்கு ஈரத்துணி."

துணி நனைக்கத் தண்ணீர் வேண்டும். மின்சாரம் போனதால் குழாயில் தண்ணீர் இல்லை. வெளியே பீப்பாயில் இருந்தது, ஜன்னல் வழியாக மொண்டுகொள்ள ஒரு பெரிய பாத்திரம் வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் தலையில், உத்திரத்துக்கு அடியில், பழக்கூழ் காய்ச்சும் பெரிய நீல எனாமல் பானை இருந்தது. நாற்காலியில் ஏறி அதன் காதைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடியும் இழுத்தாள். பானை அரை அங்குலம்கூட நகரவில்லை. உத்திரம் அதன் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது. விளிம்பில் எனாமல் தெறித்து, கறுப்பு இரும்பு தெரிந்தது.

லோர்னா நாற்காலியிலேயே நின்றுவிட்டாள். நெருப்பு வந்துகொண்டிருக்கிறது, இருபது நிமிஷத்தில் ஏழு நிமிஷம் போய்விட்டது. ஆனாலும் அவள் கை நின்றது, ஏனென்றால் மூளை ஓடத் தொடங்கியிருந்தது. மே மாதம் இந்தப் பானையை இங்கே வைத்தது அவள்தான். ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. கதவு மரம், உப்பும், சுருங்கும், நம்மை ஏமாற்றும். பானை மரம் இல்லை. எனாமல் பானை உப்பாது. குளிர்பதனப் பெட்டி வளராது. அப்படியென்றால் நகர்ந்தது எது?

"மெர்வின், உத்திரம் கீழ இறங்கியிருக்கு."

"என்ன உளர்ற?"

"பானை மாட்டிக்கிச்சு. உத்திரம் எதுமேல உக்காந்திருக்கு? சுவர்மேலதானே? சுவர் இறங்கியிருக்கு. கதவு வளரல, மெர்வின். சுவர் அதுமேல வந்து உக்காந்திருக்கு. அதான் கண்ணாடியும் விரிஞ்சுது. நான் இத்தன நாளா கதவ சீவிக்கிட்டிருந்தேன்!"

கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக அந்த ரயில் சத்தம் கேட்டது. மெர்வின் கையை நீட்டி, கட்டில் பக்கத்து ஆணியில் தொங்கிய தன் கருவிப் பெல்ட்டைத் தொட்டான். அதில் ஒரு சாம்பல் நிறக் கட்டை நூலில் தொங்கியது. கைபட்டுக் கைபட்டு மூலைகள் உருண்டு போன கட்டை.

முப்பத்தொரு வீடுகளிலும் கதவு நிலையை நிறுத்தியதும் அவன் செய்வது ஒன்றுதான்: நிலையின் தலைமேல் அந்தக் கட்டையை வைத்துப் பார்ப்பான். மேலே உள்ள சுவர் மரத்துக்கும் நிலைக்கும் நடுவே கட்டை நுழைய வேண்டும். அது நுழைந்தால் போதும். சந்தில் கம்பளி திணித்து, முகப்புப் பலகை அடித்து மூடிவிடுவான், பிறகு அந்தச் சந்தை யாரும் பார்ப்பதில்லை. ஒன்றரை அங்குலக் கட்டை. செத்த பைனுக்கு அது தாராளம்.

"பச்சை மரம்" என்றான் மெர்வின் மெதுவாக. "அடப் பாவி. இது பச்சை மரம். நான் இந்தக் கட்டைய வெச்சேன்."

மரம் நீளவாட்டில் சுருங்குவதில்லை, பருமனில்தான் சுருங்கும். படுத்திருக்கிற மரம் ஒவ்வொன்றும் ஒரு நூல், இரண்டு நூல், அதாவது அரைக்கால், கால் அங்குலம் மெலிந்தால், பத்து மரம் அடுக்கிய சுவர் அங்குலக் கணக்கில் இறங்கும். செங்குத்தாக நிற்கிற நிலைச்சட்டமோ உயரத்தில் மாறவே மாறாது. இறங்கும் சுவர், இறங்காத நிலை. நடுவே ஒன்றரை அங்குலம். அது ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. அதன்பிறகு கூரையோடு சேர்ந்து மொத்தச் சுவரும் நிலையின் தலையில் உட்கார்ந்து, தலைப்பலகையை வில்லாக வளைத்துக் கதவின்மேல் அழுத்திக்கொண்டிருந்தது.

"லோர்னா, கேளு." அவன் குரல் திரும்பியிருந்தது, பயம் போகவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருந்தது. "கதவத் தொடாத. நிலையோட தலைப்பலகைல இரும்பே கிடையாது. ஒன்றரை அங்குல வெறும் பலகை. அத ரெண்டு ஓரத்துலயும் அறுத்துப் பேத்து எடு. கதவு தானா விடும். அறுக்கும்போது கீழேருந்து மேல அறு. அது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. மேல் பக்கம் இறுகியிருக்கும், கீழ் பக்கம் விரிஞ்சிருக்கும். மேலேருந்து அறுத்தா ரம்பத்தக் கடிச்சுப் பிடிச்சுக்கும்."

"கதவு மேல ரம்பம் பட்டா?"

"மேல் விளிம்புல ஒரு விரல் போனா போகட்டும். முதல் இரும்புப் பட்டை அதுக்குக் கீழதான். போ!"

ஜன்னல் வழியாக வெளியே விழுந்தாள். கொட்டகையிலிருந்து ரம்பமும் கடப்பாரையும் எடுத்தாள். பின்சரிவுக்கு மேலே, மேட்டின் உச்சியில், மரங்களின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றுவது தெரிந்தது. ஒரு மரம் பற்றியதும் அடுத்தது காத்திருக்கவில்லை. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பார்த்தால் கை வேலை செய்யாது.

மரப்பெஞ்சை வாசலில் போட்டு ஏறினாள். கடப்பாரையால் முகப்புப் பலகையைப் பெயர்த்தாள். உள்ளே திணித்திருந்த கம்பளி காகிதம்போல் நசுங்கியிருந்தது. கட்டை நுழைந்த இடத்தில் இப்போது நகம்கூட நுழையாது. ரம்பத்தின் கயிற்றை இழுத்தாள், இரண்டாம் இழுப்பில் உறுமியது. இடது ஓரத்தில் கீழேயிருந்து மேலே வைத்தாள். மரத்தூள் கண்ணில் கொட்டியது. பலகை பாதி அறுபட்டதும் வெட்டு தானாக வாய் பிளந்தது; அவன் சொன்னது சரிதான். வலது ஓரத்தை அறுத்து முடித்தபோது மேலே சுவர் மரம் ஒரு முறை ஆழமாக முனகியது. அவள் பெஞ்சிலிருந்து குதித்துவிட்டாள். பிறகு திரும்பவும் ஏறி, கடப்பாரையை நுழைத்து நெம்பினாள். பலகை துண்டாகப் பறந்து வந்து முற்றத்தில் விழுந்தது.

கதவை ஒரு கையால் தள்ளினாள். திறந்தது.

அதே நேரம் டெல்ஃபினின் வண்டி பின்புறமாக வந்து பலகைச் சரிவில் இடித்து நின்றது. "இன்னும் அவன வாசலுக்குக் கொண்டு வரலியா? என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க, தச்சு வேலையா?" என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

"ஆமா!" என்றாள் லோர்னா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மெத்தையோடு அவனை இழுத்தார்கள். சரிவில் இறங்கும்போது வலியில் அவன் கத்திய கத்தல் நெருப்பின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. வண்டியில் ஏற்றிய பிறகு டெல்ஃபின் திரும்பி ஓடி, மிச்சமிருந்த கூரைத் தகடு ஒன்றை உடைந்த ஜன்னலில் அடித்தாள். லோர்னா பீப்பாயில் நனைத்த போர்வையைக் கதவுக்கு மேலே பிளந்த இடத்தில் திணித்தாள். தீப்பொறி நுழைய விரல் அகலச் சந்து போதும். பிறகு கதவை மூடினாள். மூடிவிட்டு, ஒருமுறை திறந்து பார்த்தாள். டெல்ஃபின் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

நான்கு நாள் ஊர்ப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் கிடந்தார்கள். ஒவ்வொரு தடவை யாராவது உள்ளே வரும்போதும் லோர்னா கதவையே பார்த்தாள். மெர்வின் அந்தக் கட்டையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"தூக்கிப் போடு அத" என்றாள் ஒருநாள்.

"இது பொய் சொல்லல, லோர்னா. செத்த காட்டுக்கு இது சரியான அளவு. காடு மாறிடுச்சு, நான் கட்டைய மாத்தல."

ஐந்தாம் நாள் டெல்ஃபின் வந்தாள். "வீடு நிக்குது" என்றாள் முதலில். பிறகுதான் உட்கார்ந்தாள். நெருப்பு மரத்தலைகளிலேயே தாவி மேட்டைக் கடந்து, பட்டையின் ஓரத்துக்கு வந்தபோது, தாவ அடுத்த தலை எட்டவில்லை. ஏற ஏணியும் இல்லை. தரைக்கு இறங்கி முழங்கால் உயரத்துக்கு ஊர்ந்தது. அந்த உயரத்து நெருப்பின் முன்னால் ஆள் நிற்க முடியும். அவள் குழு நின்றது. கொட்டகை போய்விட்டது, அதன்மேல் விழுந்த பொறிகள் பக்கத்திலிருந்த காட்டர் நிலத்திலிருந்து வந்தவை. பட்டையை ஒட்டிய அந்த ஓரத்தில் ஒரு மரம் மிச்சமில்லை.

"காட்டர் நேத்து வந்து நின்னாரு. மிச்சக் காட்டக் கழிக்கக் குளிர்காலத்துல எப்போ வருவீங்கன்னு மட்டும் கேட்டாரு" என்றாள் டெல்ஃபின். "நான் வெட்டுற பச்சை மரத்த வெச்சு உன் மாதிரி ஆளுங்க வீடு கட்டினாத்தான் எனக்கு வேலை ஓடும், கிழவா. ஆனா கதவு திறக்கிற மாதிரி கட்டு."

செப்டம்பரில், சக்கர நாற்காலியில் உட்கார அனுமதி கிடைத்ததும், மெர்வின் வாசலில் இருந்து மேற்பார்வை பார்த்தான். வேலையைச் செய்தது லோர்னா. பாதி வேலைக்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் நீலக்கோடு போட்டிருந்த பின்வாசலை அறுத்துத் திறந்தாள். பிறகு சாம்பல் பைன் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, இனி சுருங்காத மரமாகப் பார்த்து, புதிய கட்டை ஒன்று வெட்டி அவன் பெல்ட்டில் பழையதற்குப் பக்கத்தில் கட்டினாள்.

அதன் அளவு ஐந்தேகால் அங்குலம். பச்சை மரத்தில் சுவர் எழுப்பினால், திறப்பின் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் முக்கால் அங்குலம் இறக்கத்துக்கு விட வேண்டும். ஏழடி வாசலுக்கு ஐந்தேகால். ஜன்னலுக்கும் இதே கணக்கு. அந்தச் சந்தில் கம்பளியைத் தளர்வாகத் திணித்து, முகப்புப் பலகையை மேல் சுவர் மரத்தில் மட்டும் ஆணி அடிக்க வேண்டும், நிலையில் அடிக்கக்கூடாது. அப்போது சுவர் இறங்க இறங்கப் பலகையும் அதோடு வழுக்கி இறங்கும். உத்திரத்தை நடுவில் தாங்கும் தூணும் உயரத்தில் சுருங்காது; அதன் அடியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க வைத்திருக்கும் திருகு ஜாக்கியை மாதம் ஒருமுறை சுவர் இறங்கிய அளவுக்குத் தளர்த்திவிட வேண்டும். கதவைச் சீவக்கூடாது.